மதாம் கோதாரி

தில்லைநாயகிக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை அவளுக்குப் பின்னால் நின்று இரகசியமாகச் சொல்லவேண்டியதில்லை. முகத்துக்கு நேரே சொன்னாலும் "ஓம், அதுக்கென்ன இப்ப?" என்றுதான் கேட்பாள். பாரிஸ் லாச்சப்பலில், தவசீலனின் சிற்றுண்டிக் கடைச் சமையலறையில் ரோல்ஸ் சுருட்டுவது அவள் வேலை. காலையில் மாவில் கை வைத்தாளென்றால் கையும் ஓயாது, வாயும் ஓயாது. அந்த வாயில் முதலில் வருகிற சொல் எப்போதும் ஒன்றுதான்.

"உந்தக் கோதாரி அடுப்பை ஆர் கூட்டி விட்டது?" என்பாள். "கோதாரி விழுந்த மழை, விடுகுதில்லை" என்பாள். வெங்காயம் கொண்டுவந்து இறக்குகிறவன் பிந்தினால் "கோதாரியிலை போவான்" என்பாள். அவன் வந்து சேர்ந்ததும் சூடாக ஒரு ரோல்ஸும் தேத்தண்ணியும் அவனுக்கே எடுத்துக் கொடுப்பாள்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இது வசவுக் கணக்கிலேயே சேராது. ஒரு காலத்தில் வீடு வீடாக ஆட்களை வாரிக்கொண்டு போன வாந்திபேதிக்கு அதுதான் பெயர் என்பதையும், "கோதாரியிலை போ" என்றால் அந்த நோயிலே செத்துத் தொலை என்று அர்த்தம் என்பதையும் இன்றைக்கு யார் யோசிக்கிறார்கள்? தாய் பிள்ளையைப் பார்த்துச் சொல்வாள், பிள்ளை சிரித்துக்கொண்டு ஓடும். தில்லைநாயகி தன் புருஷன் தவரத்தினத்துக்குக் கலியாணம் முடித்த காலத்திலிருந்து சொல்லி வருகிறாள். அந்த மனுஷன் வலு சுகமாக இருக்கிறார்.

அப்படிப்பட்டவள் திடீரென்று அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். எண்ணெய் தெறித்துக் கை கொப்பளித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மா புளித்துப் போனது, ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொட்டினாள். சமையலறையில் சத்தத்தைக் காணவில்லையே என்று தவசீலன் எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறன்."

சுகமாகத்தான் இருந்தாள். ஆனால் ஒருவன் செத்துப் போயிருந்தான். தன் நாக்குத்தான் அவனைக் கொன்றது என்று தில்லைநாயகி நம்பினாள்.

செத்தவன் பெயர் டேமியன். பிரெஞ்சுக்காரன், மல்யுத்தக்காரன். அவனுக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம் என்றால், எல்லாம் தவசீலன் செய்த வேலை. தவசீலன் விளம்பரம் கொடுக்காத இடம் கிடையாது. கோயில் கலண்டரில் இருப்பான், கிரிக்கெட் கழகத்தின் சட்டையில் இருப்பான், அரங்கேற்ற அழைப்பிதழின் முதுகில் இருப்பான். பாரிஸுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில் ஞாயிறு பின்னேரங்களில் மல்யுத்தக் காட்சி நடத்தி, அதைச் சின்னதொரு கேபிள் சானலில் ஒளிபரப்புகிறவர்கள் வந்து கேட்டபோது அதற்கும் தலையாட்டிவிட்டான். பதிலுக்கு முன்வரிசை டிக்கெட்டுகள் கிடைத்தன. போகத்தான் ஆள் இல்லை. தில்லைநாயகியின் வீடு ஓல்னேயில்தானே என்று அவள் தலையில் கட்டினான்.

அந்த மல்யுத்தத்துக்குப் பிரெஞ்சில் 'கட்ச்' என்று பெயர். இவள் என்ன நினைத்தாள் தெரியுமா? பந்தைப் பிடிக்கிற 'கட்ச்' ஆக்கும், கிரிக்கெட் என்று நினைத்தாள். வெயிலுக்குத் தொப்பி, குந்துவதற்குத் தலையணை, பிளாஸ்கில் தேத்தண்ணி எல்லாம் எடுத்துக்கொண்டு, மருந்துக்கடையில் வேலை செய்கிற மகள் கஜனியையும் இழுத்துக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தால் மண்டபத்துக்குள் ஒரு மேடை, சுற்றிவரக் கயிறு, நடுவில் இரண்டு தடியன்கள் அரைகுறை உடுப்போடு கட்டிப் புரளுகிறார்கள்.

"கோதாரி! இதென்ன பிள்ளை, பந்தைக் காணேல்லை?"

கஜனி சிரித்த சிரிப்பில் பக்கத்து வரிசைக்காரர்களும் சிரித்தார்கள். சரி, வந்தது வந்துவிட்டோம், தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவோம் என்று தில்லைநாயகி பிளாஸ்கைத் திறந்தாள். அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது, டேமியன் வந்தான்.

மேடையில் அவனுக்கு டேமியன் என்று பெயரில்லை. அங்கே அவன் 'லு கொந்த்றோலர்', அதாவது ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிறவன். சாம்பல் நிறச் சீருடை, தட்டைத் தொப்பி, கையில் அபராதப் புத்தகம். மேடைக்குப் போகிற வழியெல்லாம் சனங்களிடம் டிக்கெட் கேட்பான். சின்னப் பிள்ளைகளுக்கு அபராதம் எழுதுவான், கிழவர்களைக் கதிரையிலிருந்து எழுப்புவான். பாரிஸ் சுற்றுவட்டாரத்தில் இதைவிட வெறுக்கத்தக்க வில்லனை யாரால் கண்டுபிடிக்க முடியும்? மண்டபமே ஊளையிட்டது. அவன் நேரே தில்லைநாயகியிடம் வந்து, மூக்கை உயர்த்திக்கொண்டு கையை நீட்டினான்.

அவ்வளவுதான். தில்லைநாயகிக்கு எங்கேயோ கிடந்ததெல்லாம் கிளம்பிவிட்டது. பிரான்சுக்கு வந்த புதிதில், விசாவும் இல்லாமல் பாஷையும் இல்லாமல், பிழையான டிக்கெட்டோடு கார் து நோர் ரயில் நிலையத்தில் பரிசோதகர்களிடம் அகப்பட்டவள் அவள். சனம் எல்லாம் பார்த்துக்கொண்டு போக, கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். ஒரு வார்த்தை பதில் சொல்லத் தெரியவில்லை. வாய்க்காரி என்று பெயரெடுத்த தில்லைநாயகி அன்றைக்கு ஊமை மாதிரி நின்றாள். அந்த அவமானம் இத்தனை காலமும் ஆறவில்லை. எழும்பி நின்றாள், பிளாஸ்க் உருண்டது.

"கோதாரியிலை போவானே! அறுவானே! என்னட்டையோ ரிக்கற் கேக்கிறாய்? நாசமாப் போ! கட்டையிலை போ!"

கொந்த்றோலர் அபராதப் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறமாதிரி நடித்தான். சனம் எழும்பி நின்று கை தட்டியது. கமெராக்காரன் ஓடி வந்து இவள் முகத்தைப் பிடித்துக்கொண்டான். அடுத்த தடவை போனபோது, பின்வரிசைப் பொடியள் எல்லாரும் ஒரே குரலில் "கோ-தா-ரி! கோ-தா-ரி!" என்று கத்தினார்கள். அறிவிப்பாளர் மாக்சிம் ஒலிபெருக்கியில் "மதாம் கோதாரி வந்துவிட்டார்!" என்று சொன்னார். அதற்குப் பிறகு அவள் ஒரு காட்சியையும் விடவில்லை. வீட்டில் மூட்டு வலி என்று படுத்திருக்கிற மனுஷி, அங்கே போனால் கதிரையில் ஏறி நிற்பாள்.

ஒரு நாள் லாச்சப்பல் கடைக்குக் கண்ணாடி போட்ட ஒருவன் மனைவியோடு வந்தான். பின்னால் குழந்தை வண்டிலோடு வந்த பெண்ணுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, வரிசையில் பணிவாக நின்றான். தில்லைநாயகி முன்னுக்கு ரோல்ஸ் தட்டைக் கொண்டு வந்தபோது, மெல்லிய குரலில், "டிக்கெட்டைக் காட்டுங்கள், மதாம்" என்று பிரெஞ்சில் சொன்னான். கொந்த்றோலரேதான்! தட்டு கையிலிருந்து விழாதது தெய்வச் செயல். பியர்ஃபித்தில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏலாத கிழடுகளைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிடுவது அவன் தொழில், மல்யுத்தம் ஞாயிற்றுக்கிழமைக்கு. மனைவி பெயர் மரியோன்.

தில்லைநாயகிக்கு வெட்கத்தில் முகம் சுருங்கிப் போனது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள், அவன் விடவில்லை.

"வில்லனைத் திட்ட ஆளில்லாவிட்டால் அவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான், மதாம். உங்கள் குரல் கேட்டால்தான் எனக்குத் தைரியம் வரும். அது சரி, கோதாரி என்றால் என்ன?"

அன்றைக்கு லீவில் கடைக்கு வந்திருந்த கஜனி முந்திக்கொண்டு, "அது ஒரு பழைய நோய், இப்போது ஒருவருக்கும் வருவதில்லை" என்றாள். "எனக்கு வந்தால் மருந்துக்கு இங்கேதான் வருவேன்" என்று சொல்லி அவன் ரோல்ஸைக் கடித்தான். உறைப்பில் கண்ணாலும் மூக்காலும் ஓடியது. ஆனாலும் விடவில்லை, இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அன்றிலிருந்து லாச்சப்பல் பக்கம் வந்தால் கடைக்கு வராமல் போகமாட்டான். இவளும் அவனுக்கென்று உறைப்புக் குறைத்து இரண்டு ரோல்ஸ் புறம்பாகச் சுருட்டி வைப்பாள். இது தங்கமான பிள்ளை என்று கடையில் எல்லாருக்கும் சொல்வாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தட்டைத் தொப்பியைக் கண்டால் தங்கமும் இல்லை பித்தளையும் இல்லை, கார் து நோர்தான் கண்ணுக்கு முன்னால் வரும். திட்டு மனதின் அடியிலிருந்து வரும்.

கடைசிக் காட்சியில் அவனைக் கயிற்றுக்கு வெளியே தூக்கி எறிந்தார்கள். அது அவர்கள் முன்கூட்டியே பேசிவைத்த கதை. விழுந்தவன் எழும்பவில்லை, நாலு பேர் வந்து ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கினார்கள். தில்லைநாயகி முன்வரிசையில் நின்று கையைக் கையைத் தட்டினாள்.

"போ, போ! பாடையிலை போ! திரும்பி வராதை!"

அவன் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே ஒற்றைக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிமிட்டினான். அந்தக் கிழமையே, வீட்டில் காலைச் சாப்பாட்டு மேசையில், அவனுடைய இருதயம் நின்றுபோனது. கஜனி போனில் செய்தியைப் பார்த்துவிட்டுச் சொன்னபோது தில்லைநாயகி முதலில் நம்பவில்லை. அதுவும் கதைதான் என்றாள். மகளின் முகத்தைப் பார்த்த பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அங்கே கண்ணாடிக்கு முன் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தாள். ஓரத்தில் கறுப்பாக ஒரு மச்சம். பிறவியிலேயே உள்ளது. கரிநாக்கு, சொன்னால் பலிக்கும் என்று சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் இவளோடு சண்டைக்கு வரவே பிள்ளைகள் பயந்தார்கள். அது அப்போது பெருமையாக இருந்தது. இப்போது நாக்கை உள்ளே இழுத்து வாயை இறுக மூடிக்கொண்டாள்.

தவரத்தினம் பொறுத்துப் பார்த்தார். வீட்டில் சத்தம் இல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"இஞ்சேரும், நான் ஒண்டு கேக்கிறன். என்னை நீர் எத்தினை வருசமாக் கோதாரியிலை போ, கோதாரியிலை போ எண்டுறீர்? நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கிறன். உம்மடை நாக்குப் பலிக்கிறதெண்டால் முதல் நானெல்லோ போயிருக்கோணும்?"

"உங்களை நான் மனசாரத் திட்டேல்லை."

"அப்ப?"

"அவனை மனசாரத் திட்டினனான்" என்றாள். "அவையின்ரை அடி பொய்யெண்டு எனக்கும் தெரியும். கூத்துத்தானே. ஆனால் நான் திட்டினது கூத்தில்லை."

தவரத்தினம் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

கொஞ்ச நாளில் அறிவிப்பாளர் மாக்சிமும் மரியோனும் கடைக்கு வந்தார்கள். மரியோன் மெலிந்து, கோட்டுக்குள் தொலைந்துபோனவள் போல இருந்தாள். தில்லைநாயகி கையைக் கழுவாமலே மாவோடு வெளியே வந்தாள். பிறகு கஜனிக்குப் போன் பண்ணி, அவள் வேலை முடிந்து வரும்வரை இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தபடியே நின்றாள்.

டேமியனுக்கு அஞ்சலிக் காட்சி நடத்தப் போகிறார்கள், சானலில் நேரடி ஒளிபரப்பு, அவனோடு மோதியவர்கள் எல்லாரும் வருகிறார்கள் என்று மாக்சிம் விளக்கினார். "மல்யுத்தக்காரன் செத்தால் பத்துத் தரம் மணி அடிப்பது எங்கள் வழக்கம். மணி முடிந்ததும் அவனுடைய தொப்பியை மேடை நடுவில் வைப்போம். அப்போது நீங்கள் எழும்பி, எப்போதும் திட்டுவது போல ஒரு தடவை திட்டவேண்டும். அவனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை."

தில்லைநாயகி கஜனியின் பக்கம் திரும்பினாள். "பிள்ளை, அந்தச் சொல்லின்ரை கருத்து என்னெண்டு அந்தப் பெண்ணுக்குச் சொல்லு. மறைக்காமல் சொல்லு."

கஜனி தயங்கினாள். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று பிரெஞ்சில் சொன்னாள். இத்தனை வருடம் பாரிஸில் சமைத்தவளுக்கு அந்த அளவு பிரெஞ்சு விளங்காதா? மகளைத் தள்ளிவிட்டுத் தானே சொன்னாள். உடைந்த பிரெஞ்சு, சமையலறைப் பிரெஞ்சு.

"கோதாரி என்றால் சாவு, மதாம். நான் உங்கள் புருஷனைச் சாகச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சொன்னேன். கடைசி முறையும் சொன்னேன்."

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மரியோன் இவளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாவோடு இருந்த கையைப் பிடித்தாள். "பிள்ளைகள் இதைவிட மோசமாகக் கத்துவார்கள், மதாம். அவன் வீட்டுக்கு வந்து அதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். திரைக்குப் பின்னால் நின்று உங்கள் குரல் கேட்கும்வரை வெளியே வரமாட்டான். உங்கள் குரல் இல்லாமல் அவனை எப்படி அனுப்புவது?"

நல்ல பெண். ஆனால் பாவம், அவளுக்குக் கரிநாக்கைப் பற்றி என்ன தெரியும்? தில்லைநாயகி கையை மெல்ல விடுவித்துக்கொண்டு கஜனியின் பக்கம் திரும்பினாள்.

"வாறன் எண்டு சொல்லு பிள்ளை. வந்து இருப்பன். ஆனால் வாய் திறக்கமாட்டன். இனிமேல் இந்த வாயாலை ஆருக்கும் ஒண்டும் வேண்டாம்."

ஞாயிறு பின்னேரம் ஓல்னே மண்டபத்தில் நிற்க இடமில்லை. டேமியனை வழக்கமாகத் தூக்கி எறிகிற வீரன் ஒருவன், மலை மாதிரி ஆள், ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பேச முடியாமல் குழந்தை போல விம்மினான். இவனைத்தானே நான் கை தட்டி ஏவிவிட்டேன் என்று தில்லைநாயகிக்கு இன்னும் கூசியது. வெள்ளைச் சேலையில் முன்வரிசையில் இருந்தாள். ஒரு பக்கம் கஜனி, மறுபக்கம் மரியோன். சேலைத் தலைப்பை உருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

மணி பத்துத் தரம் அடித்தது. மாக்சிம் அந்தத் தொப்பியைக் கொண்டுவந்து மேடை நடுவில் வைத்தார். வெளிச்சமெல்லாம் அணைந்து ஒரு வட்டம் தொப்பிமேல் மட்டும் விழுந்தது. இன்னொரு வட்டம் வந்து தில்லைநாயகியின் மேல் விழுந்தது. பெரிய திரையில் அவள் முகம். பின்வரிசையில் யாரோ மெதுவாகத் தொடங்கினார்கள்: "கோ-தா-ரி." பிறகு மண்டபம் முழுக்க, ஆனால் கத்தாமல், தாலாட்டுகிற மாதிரி: "கோ-தா-ரி. கோ-தா-ரி."

அவள் தலையை ஆட்டினாள். மாட்டேன், மாட்டேன். கண்ணீர் வழிந்தது. மரியோன் அவள் முழங்கையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள், வற்புறுத்தவில்லை.

அப்போது நடுவர் மேடையில் ஏறினார். அவரிடம் யாரும் சொல்லி வைத்ததாகத் தெரியவில்லை. வருடக்கணக்காக டேமியன் விழும்போதெல்லாம் பக்கத்தில் குனிந்து எண்ணியவர் அவர். பத்து எண்ணுவதற்குள் விழுந்தவன் எழும்பவேண்டும், எழும்பாவிட்டால் தோல்வி. அவர் தொப்பிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, உள்ளங்கையால் பலகையில் அடித்து எண்ணத் தொடங்கினார்.

ஒன்று. இரண்டு. மண்டபம் அடங்கிவிட்டது. தில்லைநாயகி வாயிலிருந்து தலைப்பை எடுத்தாள். ஐந்து. ஆறு. இந்த இடத்தில் அவள் எப்போதும் "கிட அங்கை! எழும்பாதை!" என்று கத்துவாள். ஏழு என்றபோது அவளால் இருக்க முடியவில்லை. கதிரையை உதைத்துத் தள்ளிவிட்டு எழும்பிப் போய் மேடையின் கயிற்றைப் பிடித்தாள்.

"எழும்படா! டேமியன், எழும்பு! எழும்பு ராசா, எழும்பு!"

அது திட்டும் இல்லை, ஒப்பாரியும் இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்த கெஞ்சல். அவள் வாயில் எது வந்தாலும் சேர்ந்து கத்திப் பழகிய சனம் இதையும் பிடித்துக்கொண்டது. ழகரம் எங்கே வரப்போகிறது அவர்களுக்கு? "எலும்பு! எலும்பு!" என்று நூற்றுக்கணக்கான பிரெஞ்சுக் குரல்கள் கூரையைப் பிளந்தன. கஜனிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. தில்லைநாயகியின் காதில் ஒன்றும் விழவில்லை. கயிற்றைப் பிடித்து உலுக்கி உலுக்கிக் கூப்பிட்டாள். பிறந்தது முதல் இன்றுவரை எதையும் அவள் இவ்வளவு மனசாரக் கேட்டதில்லை.

ஒன்பது. நடுவரின் கை கனநேரம் மேலேயே நின்றது. பிறகு கீழே வந்தது. பத்து.

தொப்பி கிடந்த இடத்திலேயே கிடந்தது.

சனத்தின் சத்தம் தானாக நின்றது. மரியோன் கஜனியிடம், "உன் அம்மா என்ன சொன்னார்?" என்று கேட்டாள். "எழுந்திரு என்று கூப்பிட்டார்" என்றாள் கஜனி. மரியோன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தில்லைநாயகி கயிற்றை விட்டுவிட்டு, நடக்கத் தெரியாதவள் போல வந்து கதிரையில் இருந்தாள்.

"பிள்ளை, அவன் எழும்பேல்லை."

"இல்லையம்மா."

"அவ்வளவு கேட்டும் எழும்பேல்லை. அப்ப என்ரை நாக்காலை ஒண்டும் செய்ய ஏலாது, என்ன?"

"ஒண்டும் ஏலாதம்மா" என்றாள் கஜனி.

தில்லைநாயகி பெரிதாக மூச்சு விட்டாள். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. ஆனால் அது இறங்கின கையோடு வேறொன்று ஏறி உட்கார்ந்தது. இவ்வளவு நாளும் தன் நாக்கையே நினைத்துப் பயந்துகொண்டிருந்ததில், அந்தப் பிள்ளை இனி ஒரு நாளும் கடைக்கு வரமாட்டான் என்பதை அவள் நினைக்கவே இல்லை. ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிற கூத்து முடிந்து அடுத்த மாதம் சிரித்துக்கொண்டு வருகிறவன், இந்த முறை வரமாட்டான்.

"ஐயோ, நல்ல பிள்ளையெல்லோ" என்றாள். மரியோனை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். கமெரா இன்னும் அவள் முகத்தில்தான் நின்றது, நின்றுவிட்டுப் போகட்டும். "நல்ல பிள்ளையெல்லோ, என்ரை ராசா, நல்ல பிள்ளையெல்லோ" என்று வாய்விட்டுக் கதறி அழுதாள்.